அனுப்பும்போதே திரும்பும் தேதியைக் கேளுங்கள்: மாணவியர் விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு மாணவியர் விடுதிகளில் பணியாற்றும் காப்பாளர்களுக்கும், அந்த விடுதிகளுக்குப் பொறுப்பான மாவட்ட நல அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு கிராம சுகாதார செவிலியர். திருவண்ணாமலை மாவட்டத்தில் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு விடுதியில் தங்கிப் படித்தவள். உங்களிடம் ஒரே ஒரு காரியம் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் விடுதியில் ஒரு பிள்ளை வயதுக்கு வந்தால், அவளை வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கே, அவள் எந்தத் தேதி திரும்பி வருவாள் என்று வீட்டாரிடம் கேட்டு, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அந்தத் தேதியில் வராவிட்டால் மறுநாள் காலையிலேயே போன் போடுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் ஊருக்கு ஆள் அனுப்புங்கள்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் வயதுக்கு வந்த நாளுக்கும் சடங்கு முடிகிற நாளுக்கும் நடுவிலேதான் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. சண்டை போட்டு யாரும் நிறுத்துவதில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே நின்றுவிடும்.

எங்கள் ஊர் செங்கம் பக்கம். மானாவாரி பூமி. மழை நின்றதும் பாதி ஊர் காலியாகிவிடும். கரும்பு வெட்டுக்கு ஒரு கூட்டம், செங்கல் சூளைக்கு ஒரு கூட்டம், பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஒரு கூட்டம். ஜவ்வாது மலைப் பக்கத்தில் குடகுக்கும் கேரளாவுக்கும் காப்பி, மிளகுத் தோட்ட வேலைக்குப் போவார்கள். ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் பலர் எங்கள் பக்கத்து மலைக்காரர்கள். பிழைப்பு இப்படி இருக்கிற வீட்டில் பெண்பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவது? வயசான பாட்டியிடம் விடலாம், இல்லையென்றால் விடுதியில் விடலாம். அதனால்தான் சொல்கிறேன், உங்களிடம் வரும் பிள்ளை படிப்பதற்கு மட்டும் வருவதில்லை. வருஷத்தில் பாதி நாள் அவளுக்கு வீடென்று வேறு எதுவும் கிடையாது. அவள் பெரியவளாவதும் பெரும்பாலும் உங்கள் கூரைக்குக் கீழேதான்.

பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் சேர, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே எட்டு கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மாணவிகளுக்கு அந்த விதி பொருந்தாது. இதை எழுதியவர் யாரோ, அவருக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது. பெண்பிள்ளைக்கு மூன்று கிலோமீட்டரே தூரம்தான் என்று புரிந்து எழுதியிருக்கிறார். அதே புரிதலோடு இன்னும் கொஞ்சம் தூரம் போகலாமே என்பதுதான் என் கோரிக்கை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஏழாம் வகுப்பு. டிசம்பர் மாதம், அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டில் இருந்தார்கள். எந்த ஊர்க் காட்டில் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வார்டன் மிஸ்ஸுக்கு அந்த வருஷம் இரண்டு விடுதிகளின் பொறுப்பு. எங்கள் விடுதிக்கு வாரத்தில் சில நாள்தான் வருவார். காலையில் குளிக்கப் போன இடத்தில் பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஏதோ கிழிந்துவிட்டது, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு சணல் கயிறு தொங்கும். உள்ளே இருப்பவள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே குளிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிநேகிதி வெளியே காவல் நிற்க வேண்டும். அந்தக் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். பெல் அடித்தும் வெளியே வரவில்லை.

சமையல் அக்காதான் வந்தார். கதவைத் தட்டவில்லை, திட்டவும் இல்லை. "என்னம்மா, வயசுக்கு வந்துட்டியா? இது நோவு இல்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று வெளியே நின்றே சொன்னார். தன்னுடைய பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். எப்படி வைப்பது என்று சொல்லித் தந்தார். அடுப்படிக்குக் கூட்டிப்போய் சுடச்சுடக் காப்பி போட்டுக் கொடுத்தார். "தீட்டு, தள்ளி நில்லு" என்ற பேச்சே அவரிடமிருந்து வரவில்லை.

சாயங்காலம் பாட்டி வந்தார். பாட்டியை உட்காரவைத்து அந்த அக்கா பேசியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. "பாட்டிம்மா, செய்ய வேண்டியத செய்யிங்க. ஆனா அடுத்த திங்கக்கிழமை பரீட்ச. திங்கக்கிழமை காலையில புள்ளய கொண்டாந்து விட்டுரணும். வரலன்னா நானே பஸ் ஏறி உங்க ஊருக்கு வந்துருவேன்." பாட்டி தலையை ஆட்டினார்.

ஊரில் பச்சை ஓலையில் குச்சு கட்டி உட்காரவைத்தார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்தார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லவே மாட்டேன். அந்த வயதில் ஒரு பிள்ளையை ஊரே கொண்டாடி, அவள் உடம்பைத் தேற்றுவது நல்ல காரியம்தான். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். "பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே என்னாத்துக்கு ஆஸ்டலு? ஆடு மேய்க்க ஆள் இல்ல, தம்பியப் பாத்துக்க ஆள் இல்ல" என்று பெரியப்பா ஆரம்பித்தார். இன்னொருவர் மாமன் மகனைப் பற்றிப் பேச்செடுத்தார். அப்போது பாட்டி சொன்ன பதில் ஒன்றுதான்: "திங்கக்கிழமைக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்." படிப்பின் அருமையைப் பற்றிப் பாட்டிக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தெரியும். நான் திரும்பி வந்தேன்.

என்னோடு படித்த மலைக்காரப் பிள்ளை ஒருத்திக்கு அப்படி யாரும் தேதி கேட்கவில்லை. சித்தப்பா வந்தார், பெட்டியோடு கூட்டிப்போனார். வராத பிள்ளையை விடுதியிலிருந்து யாரும் தேடவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் சில வாரம் சிவப்பு மையில் கோடு விழுந்தது, அப்புறம் பெயரே நீக்கப்பட்டுவிட்டது. கணக்கில் என்னைவிட நன்றாகப் படிப்பாள். என் படிப்புக்கும் அவள் படிப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசம் சமையல் அக்கா கேட்ட ஒரு தேதிதான். இதை நான் எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

காப்பாளர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உங்களில் பலர் ஆசிரியர்கள். வகுப்பிலிருந்து விடுதிக்கு மாற்றப்பட்டு வந்தவர்கள். அரிசிக் கணக்கு, பருப்புக் கணக்கு, காய்கறி பில், எரிவாயு பில், பயோமெட்ரிக் வருகை எல்லாம் உங்கள் தலையில். 2023-இல் பள்ளி விடுதி மாணவர்களுக்காக அரசு தரும் உணவுக் கட்டணத்தை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தினார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 47 ரூபாய்க்கும் குறைவாகத்தான் வருகிறது. அதற்குள் ஒரு வளரும் பிள்ளைக்கு மூன்று வேளையும் பார்க்க வேண்டும் என்றால் சமையலறையில் நிற்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். அதனால் இந்த மடலில் பாதி உங்களுக்கு மேலே இருக்கும் அலுவலர்களுக்கு. எந்த மாணவியர் விடுதியையும் இரவு தங்குகிற பெண் காப்பாளர் இல்லாமல் விடாதீர்கள், ஒருவருக்கே இரண்டு விடுதிப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். பொறுப்பு என்று காகிதத்தில் போட்டுவிடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு வயிற்று வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

இனி செவிலியராகச் சில வார்த்தைகள்.

வயதுக்கு வருவதைப் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில், 'வளரிளம் பருவமடைதல்' என்ற தலைப்பில் இருக்கிறது. நான் பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் ஆறிலும் ஏழிலுமே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். பாடம் வரும்வரை உடம்பு காத்திருக்காது. அதனால் ஜூன் மாதம் புதிதாகச் சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், ஒரு செவிலியர் வந்து பேசுவார். ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், துணி எங்கே இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும், பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

அப்புறம் நாப்கின். புதுயுகம் திட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பள்ளிகள் வழியாகவும் எங்கள் வழியாகவும் வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். என் அம்மா காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ பெரிய மாற்றம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. ஆக மாதத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நாங்களே சொல்கிறோம். ஐந்து நாளைக்கு அப்படி மாற்றினால் இருபது வேண்டும். மீதி பதினொன்றுக்கு அந்தப் பிள்ளை எங்கே போவாள்? வீட்டில் இருந்தால் அம்மா புடவை இருக்கும். விடுதியில் இருப்பவள் ஒன்றையே காலையிலிருந்து ராத்திரி வரை வைத்துக்கொள்கிறாள். தொடை உரசிப் புண்ணாகி, அரிப்போடு, நடக்க முடியாமல் என்னிடம் வருகிறார்கள். "ஏன் மாத்தல?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். நல அலுவலர்களே, விடுதிக்கென்று தனியாக நாப்கின் இருப்பு வையுங்கள். அதைக் காப்பாளர் அறையில் பூட்டி வைக்க வேண்டாம். கேட்டு வாங்க வேண்டும் என்றால் பாதிப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். குளியலறைக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கட்டும், வேண்டியவள் எடுத்துக்கொள்ளட்டும்.

துணி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது தப்பில்லை. சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவைத்தால் துணியும் சுத்தம்தான். ஆனால் விடுதிக் கொடியில் போய்ப் பாருங்கள், ஈரப் பாவாடைக்கு அடியில் ஒளித்துத்தான் காயப்போட்டிருப்பார்கள். வெயிலே படாது. மறுநாள் அதே ஈரத்தோடு எடுத்து வைத்துக்கொள்வார்கள். மாணவிகளுக்கு மட்டும் என்று மறைவாக, வெயில் விழுகிற இடத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? கழிப்பறைக்குள்ளேயே மூடி போட்ட குப்பைத் தொட்டி, ஒரு வாளி, நிற்காமல் வரும் தண்ணீர், எரிகிற பல்பு, இவற்றோடு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளை மட்டுமாவது இந்த வாரமே போட்டுவிடுங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, ஒரு தச்சர் போதும்.

ரத்தசோகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதாமாதம் ரத்தம் போகத் தொடங்கும் வயதில் உடம்புக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று பள்ளியில் கொடுக்கும் மாத்திரையை வாந்தி வருகிறது என்று ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். டீயோடு போடக் கூடாது, டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாலையில் சுண்டலோடு டீ கொடுக்கும் விடுதிகள் மாத்திரை நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விடுதி வளாகத்தில் இடம் இருந்தால் இரண்டு முருங்கை நட்டு வையுங்கள். ஒரு பிள்ளை படிக்காமல் தூங்கி வழிகிறாள், சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். வெளுத்துப் போயிருந்தால் எங்களிடம் அனுப்புங்கள்.

வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் பலருக்கு மாதவிடாய் மாதாமாதம் சரியாக வராது. இரண்டு மாதம் கழித்து வந்தால் அந்தப் பிள்ளையைச் சந்தேகமாகப் பார்த்துக் கேள்வி கேட்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளைகளின் அழுகையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முழுதாக நனைந்தால், ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனால், தலைசுற்றி விழுந்தால் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தீட்டு என்ற பேச்சை விடுதிக்குள் விடாதீர்கள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், புதிதாக வயதுக்கு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்த காணொளியை நாமெல்லோரும் பார்த்தோம். பரீட்சை எழுதுகிற கைக்கும் தீட்டுக்கும் என்ன சம்பந்தம்? தனித்தட்டு, தனிப்பாய், சமையலறைப் பக்கம் வராதே என்ற வழக்கம் எந்த விடுதியில் இருந்தாலும் இன்றோடு நிற்க வேண்டும். 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்ப் பலகை மாட்டிய கட்டடத்துக்குள் ஒரு பிள்ளை மூலையில் தனியாக உட்காரக் கூடாது.

இப்போது மறுபடி தேதிக்கு வருகிறேன். வீட்டில் ஒரு சடங்கு நடக்கும்போது சொந்தமெல்லாம் கூடும், மாமன் சீர் வரும், கடன் வாங்கிப் பந்தல் போடுவார்கள். அந்தக் கூட்டத்திலேதான் கல்யாணப் பேச்சும் எழும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் ஆள் வருவார்கள். ஆனால் அது பேச்சு முற்றிய பிறகு செய்யும் வேலை. அதற்கு முன்னால், பிள்ளையை அழைத்துப்போக வந்த அம்மாவிடமோ பாட்டியிடமோ, கோபமில்லாமல், ஒரு வாய் காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பேச உங்களால் முடியும். "எப்போ கொண்டாந்து விடுவீங்க?" என்று கேளுங்கள். அப்படியே புதுமைப் பெண் திட்டத்தையும் சொல்லுங்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் திருமண உதவித் திட்டமாக ஆரம்பித்தது, 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த காசு இப்போது கல்லூரிப் படிப்புக்கு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழும். ஏழாம் வகுப்பில் நிறுத்திவிட்டால் கிடையாது. கரும்பு வெட்டுகிற அம்மாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். நாம் சொன்னால்தானே தெரியும்.

வீட்டாருக்கு முதலில் தகவல் சொல்லும்போது பிள்ளையின் கையிலும் போனைக் கொடுங்கள். அவளே அம்மாவிடம் பேசட்டும். கரும்புக் காட்டிலிருந்து அம்மா வர முடியாமல் போகலாம். குரலாவது வரட்டும்.

மாவட்ட நல அலுவலர்களுக்குக் கடைசியாக ஒன்று. எந்தப் பிள்ளை எப்போது வீட்டுக்குப் போனாள், எப்போது திரும்பினாள் என்பது ஒவ்வொரு விடுதியின் பதிவேட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. போன கல்வியாண்டின் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை இடையில் வீட்டுக்குப் போய்த் திரும்பாத மாணவிகள் யார் யார் என்று பாருங்கள். பெயர் கிடைக்கும், ஊர் கிடைக்கும். அவர்களில் பலருக்கு இன்னும் பதினைந்து வயதுகூட ஆகியிருக்காது, மறுபடி சேர்த்துவிடலாம். எங்கள் பகுதியில் எந்த ஊராக இருந்தாலும் சொல்லுங்கள், வீட்டைக் காட்ட நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
அரசு விடுதியில் படித்த ஒரு கிராம சுகாதார செவிலியர்
திருவண்ணாமலை மாவட்டம்